‘விசிட்ல வந்துடு’: யார் செலவில்?

“விசிட் விசாவில் போ, அங்கே போய் வேலை தேடிக்கொள், நாள் முடிந்தால் ஒரு எக்ஸிட் அடித்துவிட்டுத் திரும்ப வா.” ராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ தஞ்சாவூரிலோ துபாய்க்குப் போக நினைக்கும் இளைஞனுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். ஏஜெண்டு மட்டும் இதைச் சொன்னால் சந்தேகப்படலாம். பத்து வருடமாக அங்கிருக்கும் மாமா சொல்கிறார், கூடப் படித்தவன் சொல்கிறான், யூடியூபில் தினமும் யாராவது ஒருவர் சொல்கிறார். இப்போது இது யாரும் கேள்வி கேட்காத ஊர் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் தவறு என்பதுதான் என் வாதம்.

முதலில் எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுவோம். ஏஜெண்டிடம் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட விசிட் விசாவும் டிக்கெட்டும் மலிவு. கம்பெனியையும் ரூமையும் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். இன்டர்வியூவுக்கு நேரில் வந்து நிற்பவனுக்கும், ‘உடனே சேர்ந்துவிடுவேன்’ என்பவனுக்கும்தான் அங்கே மதிப்பு. வேலை கிடைத்ததும் நாட்டைவிட்டு வெளியேறாமலேயே வேலை விசாவுக்கு மாறிக்கொள்ள அமீரகச் சட்டத்தில் வழி இருக்கிறது. கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்பிவிடலாம். இப்படிப் போய் வீடு கட்டியவர்கள், தங்கையைக் கரையேற்றியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இதில் எதுவும் பொய்யில்லை. விசிட்டில் போய் நாலு கம்பெனியில் பயோடேட்டா கொடுப்பது குற்றமும் இல்லை.

ஆனால் இத்தனை உண்மைகளையும் கூட்டி இவர்கள் எழுதும் விடை தப்பு. ஆள் எடுக்க முதலாளி செலவழிக்க வேண்டிய பணத்தையும், அவர் சுமக்க வேண்டிய ஆபத்தையும் தொழிலாளியின் தலையில் மாற்றி வைப்பதற்கு விசிட் விசாவைப்போல் வசதியான ஏற்பாடு வேறில்லை. நாம் தொழிலாளியின் சாமர்த்தியம் என்று மெச்சுவது முதலாளியின் லாபக்கணக்கில் வரவாகிறது. ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பார்ப்போம்.

1. மலிவாம். எதோடு ஒப்பிட்டு?

ஏஜெண்டு கேட்கும் இரண்டு லட்சத்தோடு ஒப்பிட்டுத்தான் இது மலிவு. அந்த இரண்டு லட்சமே சட்டவிரோதம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பதிவு பெற்ற ஏஜெண்டு ஒருவரிடமிருந்து வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்திய விதிகள் வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிக்கவே கூடாது என்கிறது. ஒரு திருட்டுக் கணக்கை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதைவிட இது குறைவு என்று சந்தோஷப்படுகிறோம்.

அந்தக் குறைவும் கடைசிவரை குறைவாக இருப்பதில்லை. விசா, டிக்கெட், துபாயின் தேராவில் ஒரு பெட் ஸ்பேஸ், சாப்பாடு, இன்டர்வியூவுக்கு அலைய மெட்ரோ கார்டு. இரண்டு மாதம் சம்பளமில்லாமல் இதையெல்லாம் சமாளித்தபின் எக்ஸிட் செலவு, அதாவது விசா முடியும்போது நாட்டைவிட்டு வெளியேறித் திரும்பும் செலவு, வரும். அதன் பிறகு இன்னொரு விசா, இன்னும் இரண்டு மாத வாடகை. வேலை கிடைத்த நாளில் கூட்டிப் பார்த்தால் ஏஜெண்டு கேட்ட தொகையை நெருங்கியிருக்கும். வித்தியாசம் ஒன்றுதான். ஏஜெண்டுக்குக் கொடுத்திருந்தால் கோபப்பட ஒரு முகமாவது இருந்திருக்கும்.

2. சட்டப்படிதான் என்கிறார்கள். சட்டத்தைப் படித்தார்களா?

வேலை தேடுகிறவர்களுக்கென்றே தனி விசா ஒன்றை அமீரகம் 2022 அக்டோபரில் அமலுக்குக் கொண்டுவந்தது. 60, 90, 120 நாள் என்று மூன்று வகை, ஸ்பான்சர் தேவையில்லை. சாதாரண விசிட் விசாவே இதற்குப் போதும் என்றால் அந்த அரசு எதற்காகத் தனியாக ஒன்றை உண்டாக்க வேண்டும்? அதற்கு யார் தகுதி என்று பார்த்தால் விஷயம் விளங்கும். குறைந்தது பட்டம் வேண்டும். மேல்மட்டத் தொழில் பிரிவுகளைச் சேர்ந்தவராகவோ, உலகின் முதல் 500 பல்கலைக்கழகங்களில் ஒன்றிலிருந்து புதிதாக வெளிவந்தவராகவோ இருக்க வேண்டும். கொத்தனாருக்கும் டிரைவருக்கும் சூப்பர்மார்க்கெட் பையனுக்கும் அதில் இடமில்லை. ‘அரசே அனுமதிக்கிறது’ என்று இவர்களிடம் சொல்லி அனுப்புகிறவர்கள், அரசு இவர்களை விட்டுவிட்டு வேறு யாருக்கோ கொடுத்த அனுமதியைக் காட்டி அனுப்புகிறார்கள்.

எல்லை தாண்டிப் போய்த் திரும்பினால் கிடைப்பது இன்னும் சில நாள் பார்வையாளராகத் தங்கும் உரிமை. வேலை பார்க்கும் உரிமை அதில் ஒரு மணி நேரம்கூடச் சேர்வதில்லை. பத்து முறை எக்ஸிட் அடித்தாலும் பதினோராவது முறையும் அவன் பார்வையாளன்தான். பர்மிட் இல்லாமல் வேலை பார்த்துப் பிடிபட்டால் அபராதம் உண்டு, நாடு கடத்தலும் உண்டு.

3. காத்திருக்கும் நாட்களில் என்ன நடக்கிறது?

இந்த ஏற்பாட்டின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. “ஒரு வாரம் ட்ரையல் பாரு, பிடிச்சா விசா அடிச்சுடலாம்” என்பார் கடைக்காரர். விடிகாலையில் காய்கறி லோடு இறக்குவதில் தொடங்கி, ராத்திரி ஷட்டர் இறக்கும்வரை வேலை. ஒரு வாரம் மூன்று வாரமாகும். கேட்டால் “கோட்டா வரணும் தம்பி, டைப்பிங்ல கொடுத்தாச்சு” என்று பதில் வரும். சம்பளம் என்று இல்லை, கைச்செலவுக்குக் கொஞ்சம். விசா முடிய நாலு நாள் இருக்கும்போதுதான் முதலாளியின் வாயிலிருந்து அந்த வாக்கியம் வரும்: “நீ ஒரு எக்ஸிட் போய்ட்டு வா, அதுக்குள்ள ரெடியாயிடும்.” எக்ஸிட் செலவை அவரே தருவார். பெரிய மனசு என்று பையன் ஊருக்குப் போன் போட்டுச் சொல்வான். பிறகு அது சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்படும்.

அமீரகச் சட்டம் என்ன சொல்கிறது என்று இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் நீக்குவதானாலும் 14 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும் என்ற முறை 2009-லிருந்து நடப்பில் இருக்கிறது. ஆக, ஆளைச் சோதித்துப் பார்க்க முதலாளிக்குச் சட்டமே ஆறு மாதம் கொடுத்திருக்கிறது. அப்புறமும் அவர் விசிட் விசா ஆளைத் தேடுவது ஏன்? சட்டப்படியான சோதனைக் காலத்தில் சம்பளம் கொடுத்தாக வேண்டும், கணக்கு இருக்கும், புகார் கொடுக்கலாம். விசிட்டில் வந்தவனுக்கு இந்த மூன்றும் கிடையாது. அவன் மனிதவள அமைச்சகத்தில் புகார் எழுதினால் அதன் முதல் வரியே, ‘நான் பர்மிட் இல்லாமல் வேலை பார்த்தேன்’ என்ற ஒப்புதல் வாக்குமூலமாக இருக்கும்.

எக்ஸிட் பயணத்தையும் சுற்றுலாபோல் பேசுகிறார்கள். தேராவிலிருந்து புறப்படும் ஓமன் பஸ்ஸில் ஒருநாள் ஏறிப் பார்க்கட்டும். டிராவல்ஸ் ஆள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்வார். ஹத்தா எல்லையில் இறங்கி, வரிசையில் நின்று, வெளியேறும் முத்திரை வாங்கி மறுபடி ஏற வேண்டும். முத்திரை விழுந்த நிமிடத்திலிருந்து பழைய விசா செத்துப்போகிறது. புதியது இன்னும் பிறக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு லாட்ஜ் அறையில் ஆளுக்கொரு போனை வெறித்துக்கொண்டு காத்திருப்பார்கள். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தவன் திரும்பும் பஸ்ஸில் ஏறுவான். வராதவன் இன்னொரு ராத்திரிக்குப் பணம் கட்டுவான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவன் பெட் ஸ்பேஸில் விட்டுவந்த பெட்டியை ரூம்மேட் யாராவது ஊருக்குக் கொண்டுவந்து கொடுப்பாரா என்று கேட்டுக்கொண்டிருப்பான். அந்த இரவு முழுக்க முதலாளி தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

4. இன்றிருக்கும் விதி நாளைக்கும் இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது?

‘இப்படித்தான் காலம்காலமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்பவர்கள் அந்தக் காலத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கட்டும். கொரோனா நேரத்தில் மனிதாபிமான அடிப்படையில், வெளியேறாமலேயே விசிட் விசாவைப் புதுப்பித்துக்கொள்ள அமீரகம் அனுமதித்தது. அதை நிரந்தரம் என்று நம்பித் திட்டம் போட்டவர்களுக்கு 2022 டிசம்பரில் அந்தக் கதவு மூடியது. விசா முடிந்தபின் துபாயில் கிடைத்துவந்த 10 நாள் சலுகையும் 2023-இல் போயிற்று. 2024 நவம்பரில் ஓட்டல் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் விண்ணப்பத்தோடு கட்டாயம் என்று கெடுபிடி வந்தபோது, இந்தியர்களின் விண்ணப்பங்கள் ஏராளமாகத் திருப்பப்பட்டன. இவற்றில் எதையும் அநியாயம் என்று சொல்ல முடியாது. பார்வையாளருக்கான விதியை ஓர் அரசு தன் வசதிப்படி மாற்றும். யாருக்கும் ஆறு மாத நோட்டீஸ் கொடுக்காது. அப்படிப்பட்ட விதியின்மேல் ஒரு குடும்பத்தின் ஐந்து வருடப் பிழைப்பைக் கட்டச் சொல்வதுதான் அநியாயம்.

விலை பணமாக மட்டும் இருந்ததும் இல்லை. ஒரு காலத்தில் எக்ஸிட் என்றால் பலருக்கும் ஈரானின் கிஷ் தீவுதான். புது விசா வரும்வரை அங்கே காத்துக் கிடப்பார்கள். 2004 பிப்ரவரி 10-ஆம் தேதி கிஷ்ஷிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்த கிஷ் ஏர் விமானம் தரையிறங்கும் நேரத்தில் விழுந்து நொறுங்கியது. இருந்த 46 பேரில் 43 பேர் மாண்டார்கள். விசாவுக்காகப் போய்த் திரும்பிய வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதில் பலர் என்று அப்போதே செய்திகள் வந்தன. விமானம் விழுந்ததற்கு விசா விதி காரணமில்லை. ஆனால் அவர்கள் அந்த விமானத்தில் இருந்ததற்கு அது மட்டுமே காரணம்.

5. ‘கிடைக்கலைன்னா திரும்பிடலாம்’ என்பவர் யார் பணத்தில் பேசுகிறார்?

சேமிப்பில் போனவன் திரும்பலாம். அம்மாவின் நகையை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும் போனவனுக்குத் திரும்பும் டிக்கெட் இருந்தாலும் திரும்பும் வழி இருக்காது. ‘இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்’ என்ற எண்ணம் அவனிடமிருந்து வருவதில்லை; ஊரிலிருக்கும் வட்டிக்காரரிடமிருந்து வருகிறது. அந்த இன்னும் ஒரு மாதத்தில்தான் விசா முடிகிறது, ஓவர்ஸ்டே தொடங்குகிறது.

ஓவர்ஸ்டே அபராதம் நாளொன்றுக்கு 50 திர்ஹம். மாதத்துக்கு 1,500. திர்ஹத்துக்கு 23 ரூபாய் என்று வைத்தால் 34,500 ரூபாய். சட்டப்படியான ஏஜெண்டு கட்டணம் ஜிஎஸ்டியோடு 35,400 என்று மேலே பார்த்தோம். எந்தச் செலவைத் தவிர்க்க விசிட்டில் போனானோ, ஏறக்குறைய அந்தத் தொகையை ஒரே மாத அபராதம் விழுங்கிவிடுகிறது. அதைக் கட்டாமல் வெளியேற முடியாது. கட்டச் சம்பளம் வேண்டும். சம்பளத்துக்குக் கள்ளத்தனமாக வேலை பார்க்க வேண்டும். இப்படித்தான் ஒருவன் ‘கல்லிவல்லி’, அதாவது காகிதமில்லாமல் ஒளிந்து வேலை பார்ப்பவன், ஆகிறான். அமீரகம் 2018-இலும், மறுபடி 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையும் பொதுமன்னிப்பு அறிவித்தது. சுலபமாகத் திரும்பிவிடலாம் என்றால், திரும்ப முடியாதவர்களுக்காக ஒரு நாடு அடுத்தடுத்து வாசலைத் திறந்துவிட வேண்டிய தேவை ஏன் வருகிறது?

6. அடிபட்டால்? செத்தால்?

இதைப் பேசுவது அபசகுனம் என்று பேச்சை மாற்றுகிறார்கள். மாற்றக்கூடாத பேச்சு இது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு இ.சி.ஆர். பாஸ்போர்ட் கொடுத்து, அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போகும்போது 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின்படி அனுமதி பெற்றே போக வேண்டும் என்று இந்தியா வைத்திருக்கிறது. அந்த அனுமதியோடு ஒப்பந்தம் சரிபார்க்கப்படுகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் சேர்கிறது. பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய். அதே பாஸ்போர்ட்டோடு வேலைக்கல்லாமல் வேறு காரணத்துக்குப் போகிறவருக்கு 2007-லிருந்து இந்த அனுமதி தேவையில்லை. திருச்சி விமான நிலையத்தில் “டூர் போறேன் சார், அஞ்சு நாள்ல வந்துடுவேன்” என்று மனப்பாடமாகச் சொல்ல வைத்து ஏஜெண்டு ஆட்களை அனுப்புவது இந்த ஓட்டை வழியாகத்தான். யாரைக் காப்பாற்ற அந்தச் சட்டம் எழுதப்பட்டதோ, அவரே தன் வாயால் அந்தக் காப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறார்.

அந்தப் பக்கத்திலும் இதே கதை. வேலையில் இறந்தால் 24 மாத அடிப்படைச் சம்பளம், அதுவும் 18,000 திர்ஹத்துக்குக் குறையாமலும் 2 லட்சம் திர்ஹத்துக்கு மேற்படாமலும் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது அமீரகச் சட்டம். அடிபட்டால் வைத்தியச் செலவு முதலாளியுடையது. ஆனால் விசிட்டில் வந்து சாரத்திலிருந்து விழுந்தவனைப் பற்றி “இவர் எங்கள் ஆள் இல்லை” என்று கம்பெனி கைவிரித்தால், மறுக்க அவன் குடும்பத்திடம் என்ன காகிதம் இருக்கிறது? லேபர் கார்டு இல்லை, ஒப்பந்தம் இல்லை, சம்பள ரசீது இல்லை. உடலை ஊருக்கு அனுப்பச் சங்கங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வசூல் செய்ய வேண்டியதுதான்.

7. படித்தவன் ஏமாற மாட்டானாம்

ஏமாற்றுகிறவர்கள் படித்தவனைத்தான் தேடினார்கள். தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று விளம்பரம் செய்து, கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களை வரவழைத்து, எல்லை கடத்தி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த கதை வெளிவந்தது 2022-இல். அந்தச் செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டது. இந்தியாவிலும் துபாயிலும் இருந்த ஏஜெண்டுகள் வழியாக ஆள் பிடிக்கப்பட்டதை அதில் சொன்னது. மீண்டு வந்தவர்களில் தமிழகத்து இளைஞர்களும் உண்டு. அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில், அதே கூடங்களில் சிக்கி மீண்ட 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. 2022-இல் ஏமாந்தவர்களை வழியனுப்பிய வாக்கியமும் நம் மாமா சொன்னதுதான்: முதலில் டூரிஸ்டாக வா, வேலை விசாவை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். விசா கிடைப்பது எவ்வளவு சுலபமோ, அவ்வளவு சுலபமாக ஆளைக் காணாமலடிக்கவும் முடியும். தாய்லாந்து 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு 60 நாள் விசா விலக்கு அளித்தபோது சுற்றுலாப் பயணிக்குச் சந்தோஷம். வேலைக்கு ஆள் பிடிப்பவனுக்கு அதைவிடச் சந்தோஷம்.

8. ‘மாமா ஜெயித்தாரே!’

ஜெயித்த மாமா பெருநாளைக்கு ஊருக்கு வருகிறார், வீடு கட்டுகிறார், அறிவுரை சொல்கிறார். தோற்றவர் யாரிடமும் சொல்வதில்லை. பெங்களூரில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு தரப்பு சாட்சியை மட்டும் கேட்டுவிட்டு ஊர் தீர்ப்பு எழுதுகிறது. மாமாவின் வெற்றி விசிட் விசாவால் வந்ததா, விசிட் விசாவையும் மீறி வந்ததா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். சம்பளமில்லாமல் கழிந்த மாதங்களைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த மாதங்களுக்கான சம்பளம் இன்னும் யார் பையிலோ இருக்கிறது.

அப்படியானால் ஏர்போர்ட்டிலேயே தடுத்துவிடலாமா?

கூடாது. விசிட்டில் போகிறவனைச் சந்தேகப்பட்டு இறக்கிவிடு என்று கோருகிறவர்களும் பழியைத் தப்பான ஆள் மீதே போடுகிறார்கள். திருச்சியில் இறக்கிவிடப்பட்டவனை ஏஜெண்டு கொச்சியிலிருந்து அனுப்புவார், இன்னும் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு. கைலியும் ரப்பர் செருப்புமாக நிற்பவனெல்லாம் சுற்றுலாப் போகக்கூடாதவன் என்று முடிவு செய்யும் அதிகாரம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இல்லை. அனுமதி பெற்ற வழி மெதுவானது, மாவட்டங்களில் பதிவு பெற்ற ஏஜெண்டுகள் அரிது என்ற எதிர்த்தரப்பின் புகார் நியாயமானது. ஆனால் மெதுவான வழியை வேகப்படுத்தச் சொல்வதுதான் அந்தப் புகாரின் நியாயமான முடிவு. வழியே வேண்டாம் என்பது எப்படி முடிவாகும்?

சுமையை அதற்குரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பர்மிட் இல்லாமல் ஆள் வைத்தால் முதலாளிக்கு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று அமீரகம் 2024-இல் சட்டத்தைக் கடுமையாக்கியிருக்கிறது. நல்ல சட்டம். முதலாளியைக் காட்டிக்கொடுக்கும் தொழிலாளிக்குத் தண்டனை இல்லை என்ற உறுதியும் சேர்ந்தால்தான் அதற்குப் பல் முளைக்கும். அந்த உறுதியைக் கேட்டுப் பேச வேண்டியது இந்திய அரசு. விசிட்டில் போய் அங்கே வேலை விசாவுக்கு மாறியவரும் இருந்த இடத்திலிருந்தே காப்பீட்டில் சேர எளிய வழி வேண்டும். தமிழ்நாட்டில் 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. சாயல்குடிப் பையனுக்கு ஏஜெண்டின் பெயர் தெரிந்திருக்கிறது, அதன் பெயர் தெரியவில்லை என்றால் தப்பு பையனுடையதில்லை.

போகிறவன் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அமீரக மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில் வரும் ஆஃபர் லெட்டரை விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்க வேண்டும். வந்தால் அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். ஏஜெண்டின் பதிவை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேட வேண்டும். “அதெல்லாம் வந்தப்புறம் பாத்துக்கலாம் மாப்ள” என்று பதில் வந்தால், மாமாவே ஆனாலும், திருப்பி ஒரே கேள்வி கேட்கலாம்: நான் இல்லாமல் ஓடாத அந்தக் கம்பெனி, என் விசாவுக்கு ஏன் காசு கட்டாது? இதற்கு நேரான பதில் இல்லாத வேலைக்கு நாம் ஆள் அனுப்புவதை நிறுத்தினால், விசிட் விசாவில் ஆள் கேட்பதை அவர்களும் நிறுத்துவார்கள். நாம் அனுப்பிக்கொண்டே இருக்கும்வரை அவர்கள் ஏன் நிறுத்த வேண்டும்?